பொன்னியம்மாள் காத்த சீட்டுக்கட்டு

சேலையூரில் பொன்னியம்மாள் வீட்டுக்குச் சீட்டாடப் போகிறவர்கள் முதலில் கை கழுவ வேண்டும். கொல்லைக் குழாயடியில் சோப்பும் துண்டும் தயாராக இருக்கும். கழுவிவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தால், பாயின் மேல் ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரிப்பாள். வெறும் பாயில் போட்டால் கோரை சீட்டின் ஓரத்தைப் பிய்க்குமாம். அடுத்து மின்விசிறியை நிறுத்துவாள், சீட்டு பறக்கும் என்று. விசிறி நின்றால் வியர்க்குமே என்று ஆளுக்கொரு கைத்துண்டும் கொடுத்துவிடுவாள். இவ்வளவும் ஆன பிறகுதான் பீரோவிலிருந்து ஒரு ரோஸ் நிற சோப்பு டப்பா வரும், அதற்குள் சீட்டுக்கட்டு. திருப்பதியில்கூட இத்தனை கட்டுப்பாடு கிடையாது என்பார் அவள் புருஷன் லோகநாதன். அவள் காதில் விழாதபடிதான் சொல்வார்.

ஆடுகிறவர்கள் எப்போதும் நாலே பேர்தான். லோகநாதன், எண்பதுகளில் நிலம் மனைகளாக மாறியபோது கேம்ப் ரோட்டில் செங்கல், ஜல்லி, மணல் கடை போட்டவர். அவருடைய தங்கை அஞ்சம்மாள், கூப்பிடு தூரத்தில் இராஜகீழ்ப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். அஞ்சம்மாளின் புருஷன் சிட்டிபாபு, தாம்பரம் டிப்போவில் பஸ் கண்டக்டர். நாலாவது பொன்னியம்மாள். சிட்டிபாபுவுக்கு வார ஓய்வு செவ்வாய்க்கிழமை என்பதால் ஊருக்கெல்லாம் ஞாயிறு எப்படியோ அந்த வீட்டுக்குச் செவ்வாய் மத்தியானம் அப்படி.

ஆட்டம் இருபத்தெட்டு. கட்டிலிருந்து ஏழும் அதற்கு மேலும் உள்ள முப்பத்திரண்டு சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு இரண்டு பேராகக் கட்சி கட்டி ஆடுவது. அதில் ராஜாவும் ராணியும் சும்மா. ஜாக்கிதான் பெரிசு, அடுத்தது ஒன்பது. ஸ்பேட், டைமன், கிளாவர் என்று ஏதாவது ஓர் இனத்தைத் துருப்பாக வைத்தால் அது மற்ற இனங்களை வெட்டும். அண்ணனும் தங்கையும் ஒரு கட்சி. கல்யாணம் செய்துகொண்டு அந்தக் குடும்பத்துக்குள் வந்து சேர்ந்த பொன்னியம்மாளும் சிட்டிபாபுவும் எதிர்க்கட்சி. கூடப் பிறந்தவர்கள் புருவத்திலேயே பேசிக்கொள்வார்கள். இவர்கள் இருவரும் வாய்விட்டுச் சண்டை போட்டுக்கொண்டே ஜெயிப்பார்கள். சண்டை என்றால், பொன்னியம்மாள் திட்டுவாள், சிட்டிபாபு கேட்டுக்கொள்வார். "அந்த ஒம்பதை இன்னாத்துக்குண்ணா இப்ப எறக்குனீங்க, முட்டை போட்டு குஞ்சு பொரிக்கும்னா?" என்று ஆரம்பித்தால் அடுத்த கை பிரிக்கும் வரை ஓயாது.

சீட்டின் மேல் அவளுக்கு ஏன் இத்தனை அக்கறை என்றால் அதற்கு ஒரு காரணம் உண்டு. முதன்முதலில் வாங்கிய கட்டில் கிளாவர் ஒன்பதின் மூலை மடங்கிவிட்டது. லோகநாதன் அதைக் கவனித்துவிட்டார். யார் கையில் அது இருக்கிறது என்று சீட்டின் முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டு ஒரு மாதம் போல வெளுத்துக் கட்டினார். குட்டு வெளிப்பட்ட அன்று பொன்னியம்மாள் கட்டை அப்படியே அடுப்பில் போட்டாள். "சீட்டுல அடையாளம் வுழுந்தா அது சீட்டு இல்ல, காட்டிக்குடுக்கிற ஆளு" என்றாள். அதற்குப் பிறகு பாரிமுனையிலிருந்து நல்ல கட்டாக வாங்கி வரச் சொல்லி, அதைத் தானே பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

புதன்கிழமை காலையில் சீட்டுக்குக் குளியல். சோப்புத் தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, நிழலில் பரப்பிவிடுவாள். காய்ந்ததும் முகத்துக்குப் போடும் பவுடரைத் துளி தூவி, கட்டைப் பலமுறை கலைத்து, மிச்சத்தைத் தட்டிவிட்டால் சீட்டு வழுக்கிக்கொண்டு போகும். வளைந்த சீட்டு துணியில் சுற்றப்பட்டு அரிசி டின்னுக்கு அடியில் படுக்கும். ரப்பர் பேண்டு போடவே கூடாது, ஓரத்தில் வெட்டு விழும். இப்படிப் பார்த்துக்கொண்டால் கட்டு வருஷக்கணக்கில் உழைக்கும்.

இந்தச் சட்டங்களுக்கு அடங்காதது சிட்டிபாபுவின் நாக்கு ஒன்றுதான். டிக்கெட் கிழித்துக் கிழித்து, விரலை எச்சிலில் தொடாமல் அவரால் எதையும் பிரிக்க முடியாது. எத்தனை திட்டியும் பலனில்லை என்று கண்டு, அவர் முறை வரும்போதெல்லாம் அஞ்சம்மாளே சீட்டைக் கலைத்துப் பிரித்துப் போட வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது. "கவுருமெண்டு சம்பளம் குடுத்து வளத்த நாக்கு தங்கச்சி, இன்னா பண்றது" என்பார் அவர்.

தொண்ணூற்று மூன்றில் சிட்டிபாபு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் நின்று நின்று கால் போய்விட்டது என்று எல்லாரிடமும் சொன்னார். கால் நன்றாகத்தான் இருந்தது. சர்க்கரை கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியதற்கு, போனது போனதுதான், மிச்சமும் எத்தனை நாளோ என்று சொல்லிவிட்டார்கள். அஞ்சம்மாளைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். உத்தியோகம் போனதற்குக்கூட அவர் அவ்வளவு கலங்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் கூடவே போய்விடுமோ என்பதுதான் அவர் பயம்.

இது எதுவும் தெரியாத பொன்னியம்மாள் ஒரு புதன்கிழமை சீட்டைத் துடைக்கும்போது அதிர்ந்து போனாள். ஸ்பேட் ஜாக்கியின் ஓரத்தில் ஒரு நகக்கீறல். டைமன் ஜாக்கியிலும் இருந்தது. ஒன்பதுகளில் வேறு இடத்தில். தற்செயலாக விழுந்த கீறலா இது? யாரோ அடையாளம் வைக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. நேராகக் கடைக்குப் போய், ஜல்லி லாரிக்காரன் எதிரிலேயே புருஷனைப் பிடித்துக்கொண்டாள். லோகநாதன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். ஒரு தடவை திருடியவன் என்றால் ஊரில் எது காணாமல் போனாலும் அவன் தலைதான் உருளும். பொன்னியம்மாள் நம்பவில்லை. பழைய கட்டை உள்ளே வைத்துவிட்டுப் புதுக்கட்டு ஒன்றைப் பிரித்தாள்.

அந்தச் செவ்வாய் சிட்டிபாபு ஆடிய ஆட்டத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ராணியை ஜாக்கி என்று நினைத்து வீசினார். எட்டுக்கும் பத்துக்கும் தடுமாறினார். தலைவலி என்று பாதியில் எழுந்துகொண்டார். அடுத்த செவ்வாய் அவர்கள் வரவே இல்லை. லோகநாதன் வெற்றிலையை மென்றுகொண்டே, "கட்ட மாத்துனதும் யாருக்கு ஆட்டம் வரலேன்னு நீயே ரோசன பண்ணிக்க. எம்மேல பாஞ்சியே" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. பத்து வருஷம் எதிரே உட்கார்ந்து ஆடிய மனுஷன். திருட்டு ஆட்டம் ஆடித்தானா தன்னை ஜெயிக்க வைத்தார்? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று மறுநாள் வெயிலோடு வெயிலாக இராஜகீழ்ப்பாக்கத்துக்கு நடந்தாள்.

சிட்டிபாபு வாசல் வேப்பமரத்து அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பொன்னியம்மாள் நேர் எதிரே போய், ஒன்றும் பேசாமல், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவர் முகம் அவள் பக்கம்தான் இருந்தது.

"யாரு?" என்றார் சிட்டிபாபு. "வெளிச்சத்த மறைச்சிகினு நிக்கறது யாருப்பா?"

இடுப்பில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டு, அவர் கண்ணருகே குனிந்து பார்த்தாள். சத்தம் கேட்டு வெளியே வந்த அஞ்சம்மாள் அண்ணியைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு எல்லாவற்றையும் அவளே சொன்னாள்.

"எனுக்கு வர்ற சீட்டு இன்னான்னு எனுக்குத் தெரியணுமே, அதுக்குத்தான் நகத்தால கீறுனேன்" என்றார் சிட்டிபாபு. "மத்தவங்க கையப் பாக்கறதுக்கு இல்ல தங்கச்சி. பாக்கத்தான் கண்ணு ஏது?"

"சொல்லியிருக்கலாம் இல்லண்ணா."

"சொன்னா இன்னா நடக்கும்? மொதல்ல பாவம்பாங்க. அப்புறம் தோத்துக் குடுப்பாங்க. அப்புறம் நான் வந்தா கட்டையே எடுக்க மாட்டாங்க, காபிய குடுத்து மூலையில குந்த வெச்சிருவாங்க. எங்க பெரிய அண்ணனுக்குக் கண்ணு போனப்ப அப்படித்தான் ஆச்சி."

பொன்னியம்மாள் வீடு திரும்பினாள். பழைய கட்டை எடுத்தாள். தையல் ஊசி ஒன்றை எடுத்தாள். எடுத்தவள் வெகுநேரம் அதைச் சீட்டில் வைக்காமலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு நகக்கீறலுக்காகப் புருஷனைக் கடைத்தெருவில் நிறுத்திய கை அது. பிறகு ஸ்பேட் ஜாக்கியைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் ஊசியை இறக்கினாள். முன்பக்கத்தில் கடுகளவு கூட இல்லாத ஒரு முண்டு எழுந்தது. ஜாக்கிக்கு ஒன்று, ஒன்பதுக்கு இரண்டு, ஆஸுக்கு மூன்று என்று ஆட்டத்தின் வரிசைப்படியே மூலையில் குத்தினாள். இனத்துக்கு ஓரத்தில் தனிக்குத்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் இடம். முடித்த பிறகுதான் சீட்டைத் தலைகீழாகப் பிடித்தால் கைக்கு எதுவும் தட்டுப்படாது என்று உறைத்தது. தன்னையே திட்டிக்கொண்டு எதிர்மூலையிலும் அத்தனையையும் மறுபடி குத்தினாள். பவுடர் போட மறக்கவில்லை.

லோகநாதன் ஒரு சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "வேலியே பயிர மேயுதா? இன்னா பொன்னி இது, முதுகுல ஓட்ட தெரியுது. பாக்கறவன் எல்லாத்தையும் பாத்துருவான்."

"பாக்காதீங்க."

"அதெப்படி பாக்காம இருக்கறது?"

"அவரு பாக்காமத்தான ஆடப்போறாரு" என்றாள். லோகநாதன் சீட்டைக் கீழே வைத்துவிட்டார்.

பொன்னியம்மாள் சொல்லியனுப்ப, செவ்வாய்க்கிழமை அஞ்சம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு சிட்டிபாபு வந்தார். கை கழுவினார். கட்டைக் கையில் கொடுத்துக் குத்துக் கணக்கைச் சொன்னதும் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக மூலையைத் தடவினார். டிப்போ இருட்டில் நாலணாவையும் எட்டணாவையும் பிரித்த விரல் அல்லவா, இரண்டு சுற்றில் பிடிபட்டுவிட்டது. தரையில் விழும் சீட்டு அவருக்குத் தெரியாது என்பதால், போடுகிறவர்கள் பெயரைச் சொல்லிப் போடுவது என்று முடிவாயிற்று. லோகநாதன் மற்றவர்கள் சீட்டின் முதுகு கண்ணில் படக்கூடாது என்று வாசலைப் பார்த்தபடி திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

எல்லாரும் மெல்லிய குரலில் பேசினார்கள். அஞ்சம்மாள் சீட்டை வைக்கிற விதமே நோயாளிக்கு மாத்திரை வைக்கிற மாதிரி இருந்தது. நடுவில் சிட்டிபாபு ஒரு தப்பு செய்தார். பொன்னியம்மாள் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. பிறகு அவர் டைமன் ஒன்பதை இறக்கினார். ஜாக்கியைக் கையில் வைத்திருந்த லோகநாதன் அதைப் போட்டு அள்ளாமல் டைமன் ஏழைப் போட்டார். கடைசியில் கையில் இரண்டே சீட்டு மிஞ்ச, ஜாக்கியை மறைக்க வழியில்லாமல் போயிற்று. மெதுவாக அதைக் கீழே வைத்து, "டைமன் எட்டு" என்றார் லோகநாதன்.

பொன்னியம்மாள் அதையும் பார்த்தாள், சும்மா இருந்தாள்.

சிட்டிபாபுவின் கட்டைவிரல் தன் சீட்டு ஒன்றின் மூலையில் நின்றது. "டைமன் எட்டு எங்கையில கீது மச்சான்" என்றார்.

வெளியே ஏதோ ஒரு பஸ் கேம்ப் ரோடு திருப்பத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. சிட்டிபாபு மிச்சமிருந்த இரண்டு சீட்டையும் வேட்டியின் மேல் வைத்தார், ஓரம் மடங்காமல். "இதுக்குத்தான் நான் சொல்லல" என்று எழுந்தார். சுவரைத் தேடி ஒரு கை நீண்டது. "வா அஞ்சு, போலாம்."

போனால் இனி வரமாட்டார் என்று பொன்னியம்மாளுக்குத் தெரிந்தது.

"குந்துங்கண்ணா" என்றாள். குரல் கூடத்தையே அதிர வைத்தது. "அவரு சொன்னது பொய்யி. பாத்துகினு சும்மா இருந்தேன், அது எந்தப்பு. அது இருக்கட்டும். நீங்க இன்னா கிழிச்சீங்க? கிளாவர் எறங்கிச்சி, உங்க கையில கிளாவர் இல்ல. கீழ ஒம்பதும் ஆஸும் கெடக்குது. துருப்ப போட்டு வெட்டாம ஒரு ஏழத் தூக்கிப் போட்டீங்க. சரி, துருப்பு இல்ல போலன்னு பாத்தா, அடுத்த சுத்துலயே துருப்பு வருது. எந்த ஊரு ஆட்டம் அது? கண்ணு தெரியலன்னா மூளையும் லீவு போட்டுச்சா? எதிர்ல குந்திகினு நான் ஒருத்தி எதுக்குக் கீறேன்?"

அஞ்சம்மாள் பதறிப்போய் அண்ணியின் கையைப் பிடித்தாள். அவள் உதறிவிட்டாள்.

சுவரைத் தொட்டுக்கொண்டு நின்ற சிட்டிபாபு நிதானமாகத் திரும்பினார். "துருப்ப கடைசிக்கு வெச்சிக்கலாம்னு பாத்தேன்" என்றார்.

"கடைசிக்கு வெச்சி இன்னா பண்ணப் போறீங்க, ஊறுகா போடவா?"

அவர் தடவித் தடவி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். முகம் மலர்ந்திருந்தது. "தப்புதான் தங்கச்சி. கத்தாத, தெருவுக்கே கேக்குது. போடச் சொல்லு அடுத்த ஆட்டம்."

"கத்துவேன். ஒழுங்கா ஆடற வரைக்கும் கத்துவேன்" என்று அவள் மேலும் திட்டிக்கொண்டே போனாள். அவள் கன்னங்களில் கண்ணீர் தாரையாக வழிந்துகொண்டிருந்தது. அவருக்குத் தெரியாது என்பதால் அவள் அதைத் துடைக்கவில்லை. குரலை மட்டும் கொஞ்சமும் இளகவிடாமல் பார்த்துக்கொண்டாள். லோகநாதன் ஒரு நிமிஷம் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு சீட்டைச் சேர்த்துக் கலைத்துப் போட்டார். அந்த ஆட்டத்தில் கைக்கு வந்த ஜாக்கிகளையெல்லாம் பெயர் சொல்லி, ஈவிரக்கமில்லாமல் இறக்கினார்.