பவர் கார்டால் விழுந்த அடி

என் மனைவியின் அண்ணன் சிதம்பரத்தில் இருக்கிறார். பாட்டு கேட்பதுதான் அவருக்கு உலகம். மாடி அறையில் ஆம்ப்ளிஃபயரும் ஆள் உயர ஸ்பீக்கர்களும் போக, ஒரு பாய் விரிக்கத்தான் இடம் இருக்கும். சமீபத்தில் ஆம்ப்ளிஃபயருக்கென்று ஒரு பவர் கார்டு, அதாவது கரண்ட் வயர், வரவழைத்தார். சாரைப்பாம்பு கனம், முனையில் கெட்டியான உலோக ப்ளக். அந்தக் காசுக்கு ஒரு பைக்கே வாங்கியிருக்கலாம் என்று என் மனைவி புலம்பினாள்.

"கரண்ட் சுத்தமா வருது மாப்ள. பாட்டுல இருந்த மூட்டமே விலகிடுச்சு," என்றார் மச்சான்.

எனக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை, சொல்லவும் இல்லை. ஆனால் அவருடைய கல்லூரி நண்பர் சும்மா இருக்கவில்லை. பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்கிறவர், அவரும் பாட்டுப் பைத்தியம். "கம்பத்துலேர்ந்து வூடு வரைக்கும் சாதா கம்பியில வர்ற கரண்ட், கடைசி ரெண்டு முழத்துல இன்னாடா சுத்தமாவும்?" என்று போனில் சீண்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் சோதித்தே பார்த்துவிடுவது என்று முடிவாகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நண்பர் வந்து சேர்ந்தார்; கடலூரிலிருந்து நான் நடுவராகப் போனேன்.

ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டோம். நான் பின்னால் உட்கார்ந்து புதுக் கார்டையும் பழைய கார்டையும் மாற்றி மாற்றிச் செருகி ஒரே பாட்டைப் போட வேண்டும். எது எதுவென்று மச்சான் சொல்ல வேண்டும். பழையதைப் போட்டபோதெல்லாம் "இதுதான் புதுசு" என்றார். புதியதைப் போட்டால் தயங்கினார்.

"பின்னாடி ஜாலரா வருதே, அது கேக்குதாடா ஒனக்கு?" என்றார் நண்பர்.

"எந்த ஜாலரா?"

நண்பர் சிரித்தார். "காது செத்தவனுக்குக் கார்டு ஒரு கேடா?"

மச்சான் எழுந்து வந்து போர்வையைப் பிய்த்தெறிந்தார். என் கையிலிருந்த புதுக் கார்டைப் பிடுங்கிச் சுழற்றினார். ப்ளக் நண்பரின் புருவத்தில் இறங்கியது. எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. ரத்தம் கண்ணில் வழிய, நண்பர் பாய்ந்து அவர் கழுத்தைப் பிடித்து ஸ்பீக்கர்மேல் தள்ளினார். ஸ்பீக்கர் சரிந்தது. விழுந்தவரின் மார்பில் ஏறி உட்கார்ந்து, விரித்த கையால் காதோடு சேர்த்து அறைந்தார். மச்சான் கீழே கிடந்தபடியே கார்டை வீசினார். நடுவே போன என் சுண்டுவிரல் உடைந்தது.

சத்தம் கேட்டு மாடிக்கு வந்த அக்கா, மச்சானின் மனைவி, வாசலிலேயே நின்றார். "ரெண்டு பேரும் அடிச்சிகினு சாவுங்க. நான் போலீஸக் கூப்புடுறேன்," என்றார், குரலை உயர்த்தாமல். அப்போதுதான் நண்பர் கையை எடுத்தார். "கண்ணு தெரியல," என்றார்.

ஒரே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இருவருக்கும் நடுவில் நான். அக்கா போலீஸுக்குச் சொல்லவில்லை. நண்பரும் புகார் கொடுக்கவில்லை.

மச்சானுக்குச் செவிப்பறை கிழிந்திருந்தது. அது ஆறிய பிறகு கேட்கும் திறனைச் சோதித்த டாக்டர், மெல்லிய கூரான சத்தங்கள் இரண்டு காதிலுமே பல வருஷங்களாகக் கேட்டிருக்காது, அறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மச்சான் சொன்னார்: "பாட்டு மங்கிக்கினே வந்துச்சு மாப்ள. சாமான்தான் சரியில்லன்னு ஒண்ணொண்ணா மாத்திக்கினு இருந்தேன்." பஸ் வரும் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "கார்டு போட்ட அன்னிக்கு நல்லாத்தான் கேட்டுச்சு. அது பொய்யா?" என்றார்.

பஸ் வந்ததும் அவரை முதலில் ஏற்றிவிட்டேன்.

அடுத்த வாரம் அவர் தனியாகப் பண்ருட்டிக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். நண்பர் உள்ளே கூப்பிட்டு, இலை போட்டுச் சாப்பிட வைத்தாராம். நண்பருக்கு அடிபட்ட கண்ணில் பார்வை பாதிதான் திரும்பியிருந்தது. மச்சான் கை கழுவிவிட்டு வந்ததும், "இனிமே வராத," என்றாராம்.