அரைக் குளிசை

அம்மாவுக்குச் சீனி வருத்தம், அந்த நீரிழிவு நோய், வந்தது பரம்பரையால் என்று கிளினிக் டொக்டர் சொன்னார். எனக்குத் தெரிய எங்கள் பரம்பரையில் ஒருவருக்கும் அந்த வருத்தம் இருந்ததில்லை. அம்மாவும் யாழ்ப்பாணத்தில் இருந்தவரை சைக்கிள் உழக்கிப் பள்ளிக்கூடம் போய்ப் படிப்பித்தவர். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜின் இரண்டாம் மாடியில், இரண்டு கட்டிலும் ஒரு மேசையும் போட்டதும் நிரம்பிவிட்ட அறையில் இரண்டு வருடம் அடைந்து கிடந்த பிறகுதான் வருத்தம் வந்தது. என்னைக் கேட்டால் அது அந்த அறையில் இருந்துதான் வந்தது. எந்த டொக்டர் படம் கீறி விளக்கினாலும் நான் இதை மாற்றிச் சொல்லப் போவதில்லை.

சண்டை துரத்தி நாங்கள் இருவரும் கொழும்புக்கு வந்திருந்தோம். அப்பா அதற்கு முன்னரே செத்துப்போய்விட்டார். எனக்குக் கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை. காலையில் நான் போனால் பின்னேரம் வரும்வரை அம்மா அந்த அறையில் தனியே இருப்பார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மாதத்துக்கு ஒருமுறை கிளினிக். விடிவதற்குள் போய் நம்பர் எடுத்து, வெயில் ஏறும்வரை மர வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தால், டொக்டர் இரண்டு நிமிடம் பார்ப்பார். அவரும் தமிழர்தான். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர், நல்ல மனுசி. அம்மாவுக்கு மூன்று விசயம் சொல்லி அனுப்பினார். சிவப்பரிசிச் சோறும் கீரையும் சாப்பிட வேண்டும். தினமும் முக்கால் மணித்தியாலம் நடக்க வேண்டும். சீனிக்குத் தந்த குளிசையை நேரத்துக்கு விழுங்க வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. லொட்ஜில் சமைக்க விடமாட்டார்கள். சுவரில் 'அறைகளில் சமைத்தல் தடை' என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருந்தது. எங்களை மூன்று மொழியிலும் மதித்தது அந்த ஒரு அறிவித்தல்தான். காலையில் கடை இடியப்பம், மத்தியானம் வெள்ளைச் சோற்றுப் பார்சல், இரவில் றொட்டி. கீரை என்று அம்மா கேட்டதற்குக் கடைக்காரர் பார்சலில் ஒரு தேக்கரண்டி வல்லாரைச் சம்பல் கூட வைத்தார். அந்த அன்புக்கு நன்றி. ஆனால் அதைத் தின்றா சீனி குறையும்?

நடக்கிற கதை அதைவிடச் சோகம். எங்கள் ஒழுங்கையின் முடிவில் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். அம்மா கன்வஸ் சப்பாத்து வாங்கிப் போட்டுக்கொண்டு ஒரு விடியற்காலை கடற்கரையில் நடந்தார். காவலில் நின்ற ஆமிக்காரர் மறித்தார். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். வடக்கில் இருந்து வந்தவர்கள் காட்ட வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு அறையில் இருந்தது. ஏன் இந்தக் கரையில் அங்கேயும் இங்கேயும் நடக்கிறாய், எதைப் பார்க்கிறாய் என்று கேள்வி. ஒரு மணித்தியாலம் நிற்க வைத்துவிட்டு அனுப்பினார்கள். அடுத்த நாள் துண்டையும் கொண்டு போனார். அன்றைக்கு நின்றது வேறு ஆமிக்காரர், கேள்வி மட்டும் அதேதான். மூன்றாம் நாள் சப்பாத்து கட்டிலுக்குக் கீழே போய்விட்டது.

மூன்றில் மிஞ்சியது குளிசை ஒன்றுதான். அதுவும் சரிவரவில்லை. ஒவ்வொரு மாதமும் இரத்தத்தில் சீனி முந்திய மாதத்தைவிடக் கூடி நின்றது. "குளிசை ஒழுங்கா போடுறீங்களா?" என்று டொக்டர் கேட்பார். "ஓம்" என்பார் அம்மா. டொக்டர் கூட்டிப் போடுவார். ஒன்று இரண்டாகி, பிறகு காலையில் இரண்டு, பின்னேரம் ஒன்று என்று ஆனது. "இப்படியே போனா அம்மாவுக்குக் கண்ணும் கிட்னியும் போகும்" என்று ஒருநாள் டொக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கென்று இருந்தது அம்மா ஒருவர்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் பெட்டியில் ஊசிநூல் தேடினேன். சேலைகளுக்கு அடியில் ஒரு ஊறுகாய்ப் போத்தல் இருந்தது. திறந்து பார்த்தால் கழுத்துவரை அரைக் குளிசைகள். பிளேட்டால் வெட்டிய, ஓரம் நொறுங்கிய வெள்ளை அரைகள்.

என் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். படிப்பித்த ரீச்சர், உங்களுக்கே விளங்காதா, என்னை அநாதையாக்கப் பார்க்கிறீர்களா என்றெல்லாம் கத்தினேன். பக்கத்து அறையில் ரேடியோவைக் குறைத்தார்கள், கேட்பதற்கு வசதியாக. அம்மா போத்தலை வாங்கி மூடியைத் திருகினார். கடைசியில், "எல்லாத்துக்கும் ஒரு கணக்கு இருக்குப் பிள்ளை" என்றார். நான் அந்தக் கணக்கு என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த நாளில் இருந்து நான் பொலிஸ்காரி ஆனேன். காலை ஆறரைக்கு இரண்டு முழுக் குளிசையும் தண்ணீரும் கொண்டு முன்னால் நிற்பேன். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னர் போட வேண்டும் என்பது கட்டளை. ஏழு மணிக்குக் கடையில் இருந்து இடியப்பம் வரும். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே விழுங்குவார். வாயைத் திறந்து காட்டச் சொல்வேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நான்காம் நாள் அம்மா குளிசையை விழுங்கிப் பத்து நிமிடம் இருக்காது. படியில் சப்பாத்துச் சத்தம். சுற்றிவளைப்பு. லொட்ஜில் இருந்த எல்லோரும் கீழே இறங்க வேண்டும், விசாரணை, ஐந்து நிமிடம்தான் என்றார்கள். அந்த ஐந்து நிமிடத்தை நம்பி அடையாள அட்டையும் பதிவுத் துண்டும் மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினோம். வாசலில் பஸ் நின்றது. இடியப்பக்காரர் சைக்கிளோடு ஒழுங்கை முனையில் நிற்பதைப் பஸ் ஜன்னலால் பார்த்தேன்.

பொலிஸ் நிலையத்தில் வாங்கு நிரம்பியதும் மற்றவர்களை நிலத்தில் இருக்கச் சொன்னார்கள். எட்டு மணி போனது, ஒன்பது போனது. அம்மாவுக்கு வியர்த்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. கை நடுங்கியது. நான் பயம் என்று நினைத்தேன். "பயப்படாதேங்கோ அம்மா, பதிவு இருக்குத்தானே" என்று கையைப் பிடித்தேன். அம்மா என்னை யாரோ போலப் பார்த்து, "சைக்கிளை ஆர் எடுத்தது? மணி அடிச்சிட்டுது" என்றார். பிறகு என் தோளில் சரிந்தார்.

நான் அலறினேன். தமிழில்தான் அலறினேன், சிங்களத்தில் ஒரு சொல் வாயில் வரவில்லை. மேசையில் இருந்த பொலிஸ்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுத்தைத் தொடர்ந்தார்.

எழுந்தது லொட்ஜில் துணி துவைக்கிற அக்கா. மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், பிறந்தவர். கொட்டாஞ்சேனையில் இருந்து முதல் பஸ்ஸில் வேலைக்கு வந்த பாவத்துக்கு அவரையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். யாரிடமும் கேட்காமல் நேரே மேசைக்குப் போனார். பொலிஸ்காரர் முன்னால் ஆவி பறந்துகொண்டிருந்த பிளேன்ரீக் கோப்பையைத் தூக்கினார். பக்கத்தில் இருந்த சீனிப் போத்தலையும் எடுத்தார். "மே அம்மா மெரெனவா, மாத்தயா!" இந்த அம்மா சாகப் போகிறார் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். தன் தேத்தண்ணீர் நடந்து போவதைப் பொலிஸ்காரர் வாய் பிளந்து பார்த்தார்.

"தலையத் தூக்கிப் பிடி புள்ள. எங்க லயத்துல பெரியம்மாவுக்கு இப்புடித்தான் வரும்" என்று என்னை அதட்டி, சீனியை அள்ளிப் போட்டுக் கலக்கி, ஊதி ஊதி, விரலால் அம்மாவின் உதட்டிலும் கன்னத்துக்குள்ளும் தடவினார். "முழுங்குங்கக்கா, முழுங்குங்க." அம்மா மெல்ல மெல்ல விழுங்கினார். கால் மணித்தியாலத்தில் கண் என்னை அடையாளம் கண்டது. "பிள்ளை, சாப்பிட்டனியோ?" என்று கேட்டார். நான் அந்த இடத்திலேயே விம்மி அழுதேன்.

மத்தியானம் விட்டார்கள். அறைக்கு வந்து சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு அம்மா தன் கணக்கைச் சொன்னார். முந்திய வருடம் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போகும்போது பஸ்ஸில் இருந்து இறக்கி மறித்து வைத்தார்களாம். காலையில் குளிசை போட்டிருந்தார், சாப்பிடவில்லை. அங்கேயும் இப்படித்தான் மயங்கி விழுந்து, யாரோ கொடுத்த சோடாவில் எழும்பியிருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. அதன் பிறகுதான் பிளேட்டை எடுத்தார்.

"குளிசை போட்டா நேரத்துக்குச் சாப்பிட வேணும். என்ர சாப்பாட்டு நேரம் என்ர கையிலயோ இருக்கு? அவையள் எப்ப வருவினம், எப்ப விடுவினம் எண்டு ஆருக்குத் தெரியும்? சீனி கூடினா மெல்லச் சாவன். இறங்கினா அண்டைக்கே சாவன். ரெண்டிலயும் மெல்லச் சாகிறதை எடுத்தனான்."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு அதே அறையில், அதே கட்டிலின் பக்கத்தில் இருந்தும் தெரியவில்லை. அவர் அரைக் குளிசையே போட்டதால் சீனி குறையவில்லை. குறையவில்லை என்று டொக்டர் கூட்டினார். கூட்டியதை முழுதாக விழுங்க வைத்தேன் நான். மூன்று பேரில் நோயாளி ஒருவர்தான் யோசித்து நடந்திருக்கிறார்.

அடுத்த கிளினிக்கில் ஊறுகாய்ப் போத்தலைக் கொண்டுபோய் டொக்டரின் மேசையில் வைத்தேன். அவருக்கு முகம் சிவந்தது. "ஏன் பொய் சொன்னீங்க? நான் ஒவ்வொரு மாசமும் கேட்டேன் தானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். பிழை செய்த பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். "நீங்கள் கேட்டது குளிசை போட்டனீங்களோ எண்டு. சாப்பிட்டனீங்களோ எண்டு ஒருநாளும் கேக்கேல்லை, டொக்டர்."

வெளியே அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள். டொக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். அன்றைக்கு இரண்டு நிமிடம் இருபது நிமிடம் ஆனது. எங்கே இருக்கிறீர்கள், எங்கே சாப்பிடுகிறீர்கள், எத்தனை தரம் பிடித்தார்கள் என்று கேட்டார். குளிசையைக் குறைத்தார். சாப்பாடு கையில் இருந்தால்தான் குளிசை, சாப்பாடு வராவிட்டால் குளிசையும் வேண்டாம் என்று மாற்றிச் சொன்னார். நல்லதுதான். ஆனால் அறையையும் கடற்கரையையும் எந்த டொக்டராலும் மாற்றி எழுத முடியாது. சில வருடங்களில் அம்மாவின் ஒரு கண் போனது. 'நோயாளி கட்டுப்பாடாக இருக்கவில்லை' என்று வேறொரு ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். கட்டுப்பாடு! எங்களைப் போலக் கட்டுப்பாட்டில் இருந்த சனத்தை அவர்கள் எங்கே கண்டிருப்பார்கள்?

அந்தக் கண் போவதற்கு முன்னர் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு மாதம் கழித்துத் திரும்பவும் சுற்றிவளைப்பு. இந்த முறை இடியப்பம் வந்துவிட்டது, குளிசையும் போட்டாயிற்று. எல்லோரும் இறங்கி ஓடினோம். அம்மா இடியப்பப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலுமாக ஆறுதலாக, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். பஸ் வாசலைப் பார்த்தார். ஏறவில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்து, மடியில் பார்சலைப் பிரித்தார்.

"யமு, யமு!" என்று பொலிஸ்காரர் கையைத் தட்டினார். போவோம், போவோம்.

துணி துவைக்கிற அக்காவிடம் ஒரு கிழமையாகப் பாடமாக்கிய சிங்களத்தை அம்மா எடுத்துவிட்டார். "மட்ட தியவெடியாவ, மாத்தயா. கன்ன ஓனே." எனக்குச் சீனி வருத்தம், நான் சாப்பிட வேண்டும். கேட்டது அனுமதி அல்ல. ரீச்சர் வகுப்புக்குச் சொல்கிற குரல் அது.

அவர் திரும்பவும் கத்தினார். "அம்மா, ஏறுங்கோ, பேந்து சாப்பிடலாம்" என்று கெஞ்சினேன். அம்மா இடியப்பத்தைச் சொதியில் குழைத்து வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார். இன்னொரு வாய் எடுத்தார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ஜன்னலால் எட்டிப் பார்த்தார்கள். பொலிஸ்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார், கடைசியில் வேறு பக்கம் திரும்பி நின்றார்.

அம்மா ஆறு இடியப்பத்தையும் முடித்தார். போத்தல் தண்ணீரில் கையைக் கழுவினார். அதுவரை அந்தப் பஸ் நின்றது.