வலது கையில் ஓர் உருண்டைச் சோறு

ரக்பி விளையாடுகிறவரைக் கல்யாணம் செய்யப்போகிறேன் என்று லண்டன் மோர்டனில் இருக்கும் அம்மாவிடம் சொன்னபோது, அது கிரிக்கெட் மாதிரியா என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். தொலைக்காட்சியில் முதல் ஆட்டத்தைப் பார்த்த பிறகு என்னோடு ஒரு கிழமை கதைக்கவில்லை.

என் கணவர் வேல்ஸ்காரர். முன் வரிசையில் ஆடுகிறவர். ஆட்டத்தின் நடுவே இரண்டு பக்கத்தாரும் எட்டு எட்டுப் பேராகக் குனிந்து, தலைகளைக் கோத்து, ஒருவரையொருவர் தள்ளுவார்கள். ஸ்க்ரம் என்பார்கள் அதை. பின்னால் நிற்கிறவர்களின் பாரம், எதிரே நிற்கிறவர்களின் பாரம் எல்லாம் முன் வரிசைக்காரரின் கழுத்தில்தான் வந்து இறங்கும். பிழைப்புக்கு வேறு வழியே கிடைக்கவில்லையா என்று நான் கேட்டதுண்டு. சுரங்கங்கள் மூடிப்போன ஒரு பள்ளத்தாக்கு ஊரில், பஸ் ஓட்டுநரின் மகனாகப் பிறந்தவர் அவர். அங்கே பிள்ளைகளுக்கு இருந்தது ஒரே ஆசைதான், வேல்ஸ் நாட்டு அணியின் சிவப்புச் சட்டை.

பதினாறு வயதிலேயே பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டார். சட்டை வருமுன் லண்டன் கிளப் ஒன்று அவரைக் கூப்பிட்டது. வெளியே போய் ஆடுகிறவர்களை வேல்ஸ் அணியில் எடுப்பது லேசில்லை. முன்னரே நாட்டுக்காகப் பல ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். அவர் ஒன்றுகூட ஆடியிருக்கவில்லை. கொஞ்ச நாள்தானே என்று வந்தவர், என்னைச் சந்தித்தார், சட்டனில் வீடு எடுத்தோம், வருடங்கள் ஓடிவிட்டன. வேல்ஸ் ஆடும் நாட்களில் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றுகொண்டேதான் பார்ப்பார். இருக்கச் சொன்னால் காதில் விழாது.

கடைசியில் வேல்ஸிலிருந்தே ஒரு கிளப் கூப்பிட்டது. நாட்டு அணியில் முன் வரிசைக்கு ஆள் தட்டுப்பாடு, அடுத்த சீசனுக்கு இங்கே வந்தால் உன்னைக் கட்டாயம் பார்ப்பார்கள் என்றார்கள். அவருடைய வயதுக்கு அது கடைசிச் சந்தர்ப்பம். லண்டனில் இருந்த மிச்ச ஆட்டங்களைக் காயமில்லாமல் முடித்தால் போதும்.

அப்போதுதான் வலது கை மரத்துப்போகத் தொடங்கியது. சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியாமல் நின்றவரை நான் கண்டுவிட்டேன். கிளப்புக்குத் தெரியாமல் தனியார் வைத்தியர் ஒருவரிடம் போனோம். அவர் ஸ்கேனைக் காட்டி, கழுத்தெலும்பு நரம்பை நெரிக்கிறது, இன்னொரு மோசமான ஸ்க்ரம் போதும், நடக்கவே முடியாமல் போகலாம், இன்றோடு நிறுத்துங்கள் என்றார். வெளியே கார் பார்க்கில் என் கணவர் என் கையைப் பிடித்துத் தன் உச்சந்தலையில் வைத்தார்.

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணும்."

தமிழைப் போலவே இந்த வித்தையையும் அவர் படித்தது எங்கள் வீட்டில்தான். மிச்சமிருந்த கேக்கை யார் தின்றது என்பதற்கே தலையில் அடித்துச் சத்தியம் கேட்கிற அம்மா என்னுடையவர். மீறினால் அந்தத் தலைக்குத்தான் கேடு. நான் மருந்தாளர், மூடநம்பிக்கையை விட்டுவிட்டு மாத்திரையைப் போடுங்கள் என்று நாள் முழுக்க ஆட்களுக்குச் சொல்கிறவள். ஆனால் அந்தத் தலையில் கை இருக்கும்போது படிப்பாவது பட்டமாவது. சத்தியம் பண்ணினேன்.

அதற்குப் பிறகு எனக்கு மூச்சுவிட இடமில்லை. சொன்னால் அந்தத் தலைக்குக் கேடு. சொல்லாவிட்டாலும் அதே தலைக்குத்தான் கேடு. ஆட்ட நாட்களில் மற்ற ஆட்டக்காரரின் மனைவிமாரோடு உட்கார்ந்திருப்பேன். ஸ்க்ரம்முக்கு ஆட்டக்காரர்கள் குனிந்தால், கும்பலுக்குள் என் கணவருடைய கால்களைத் தேடுவேன். கால்கள் அசைந்தால் சரி. கிளப் டொக்டர் என்னைக் கண்டால் சுகம் விசாரிப்பார். நல்ல சுகம் என்பேன். கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டி அழுவேன். என் கணவர்மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மோர்டனில்தான் மதியச் சாப்பாடு. கல்யாணமான புதிதில் சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிடப் பழகி, அம்மாவின் மனதைக் குளிரவைத்தவர் அவர். இப்போது கரண்டி கேட்டார். இரண்டாம் தடவையும் கேட்டபோது அம்மா கரண்டியைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தார். பிறகு அடுப்படியில் என்னிடம், வேல்ஸுக்குப் போகமுன்னமே மாப்பிள்ளை மாறிவிட்டார் என்று குறைப்பட்டார். நான் பாத்திரம் கழுவினேன்.

கடைசி ஆட்டத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது அம்மாவுக்குப் போன் பண்ணி, ஞாயிற்றுக்கிழமை குழையல் தரச் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

குழையலுக்குக் கரண்டி கிடையாது. சுடச்சுடச் சோற்றைக் கறிகளோடு பெரிய சட்டியில் போட்டு, அம்மா தன் கையால் குழைத்து உருட்டித் தருவார். எல்லோரும் சுற்றி நின்று கையை நீட்ட வேண்டும். என் கணவர் இடக்கையை நீட்டிப் பார்த்தார். இடக்கையில் தரமாட்டேன் என்று அம்மா சொல்லவும், வேறு வழியில்லாமல் வலக்கையை நீட்டினார். கையையே பார்த்துக்கொண்டிருந்தால் விரல்களை ஒருவாறு மடக்கிவிடுவார். முதல் உருண்டை அப்படித்தான் போனது. இரண்டாவது வரும்போது அப்பா ஆட்டத்தைப் பற்றி ஏதோ கேட்டார். அவர் திரும்பி அப்பாவுக்குப் பதில் சொன்னார்.

ஆவி பறக்கும் உருண்டை உள்ளங்கையில் இருந்தது. அவர் கதைத்துக்கொண்டே இருந்தார். விரல்கள் மூடவில்லை. கை சரிந்தது, சோறு நிலத்தில் விழுந்தது. அதன் பிறகும் அவர் கையை நீட்டியபடி, இன்னும் வரவில்லையே என்று காத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, சுடேல்லையோ?" என்று அம்மா கேட்டார்.

அவர் நிலத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அம்மா அந்தக் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகக் கிள்ளிப் பார்த்தார். எவ்வளவு நாளாக என்று கேட்க, அவரால் மறைக்க முடியவில்லை. நாளை காலையே கிளப் டொக்டருக்குப் போன் பண்ணப்போகிறேன் என்றார் அம்மா. உடனே அவர் குனிந்து, கறி பூசிய அம்மாவின் கையைத் தன் தலைக்குக் கொண்டுபோகப் பார்த்தார். அம்மா வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"உந்தச் சத்தியம் என்னட்டச் சரிவராது, தம்பி."

சத்தியத்தை மதிக்கிறவர் என்றபடியால்தான் அம்மா கையை இழுத்தார். எனக்கு அந்தப் புத்தி கார் பார்க்கில் வரவில்லை.

சொன்னபடியே அம்மா திங்கட்கிழமை போன் பண்ணினார். ஸ்கேனுக்கு அனுப்பினார்கள், அதோடு எல்லாம் முடிந்தது. வேல்ஸ் கிளப் வருத்தம் தெரிவித்தது. சிவப்புச் சட்டையை அவர் போடவேயில்லை. இப்போதும் வேல்ஸ் ஆடினால் நின்றுகொண்டுதான் பார்க்கிறார்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த ஞாயிறு பின்னேரம்தான். நான்தான் காரை ஓட்டினேன். ரோஸ்ஹில் சிக்னலில் நின்றபோது அவர் கேட்டார்.

"குழையல் வேணும் எண்டு நீர்தான் கேட்டனீர், என்ன?"

"ஓம்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வலது கையை மட்டும் என் பக்கம் நீட்டினார். நான் அதைப் பிடித்தேன்.

"அமத்தும்," என்றார் வெளியே பார்த்தபடி.

நான் ஏற்கனவே என் பலமெல்லாம் கூட்டி அழுத்திக்கொண்டுதான் இருந்தேன்.