நான் குடியிருக்காத மாடி

ரெவின்யூ ஸ்டாம்பின் பசை வாசனை... இன்றும் அது பட்டால் நாக்கு கசக்கிறது. தபால் நிலையத்தில் முன்னால் நிற்பவர் ஒன்றை எச்சில் தொட்டு ஒட்டினால் போதும், வரிசையை விட்டு விலகிவிடுகிறேன்.

நான் வருமான வரிக் கணக்கில் பொய் எழுதியவன். யார்தான் எழுதவில்லை என்று நீங்கள் கேட்கலாம். பொறுங்கள். அந்தப் பொய்யை இன்னொருவர் வாயில் வைத்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

2005. வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், கடன் வாங்கிக் கட்டிய சொந்த வீடு. வேலை பாண்டிச்சேரியில், ஒரு மருந்துக் கம்பெனி அலுவலகத்தில். தமிழ்நாட்டில் குளித்து, எல்லை தாண்டிப் போய்க் கையெழுத்துப் போட்டு, திரும்பி வந்து தமிழ்நாட்டில் தூங்கினேன். எந்த ஊர்க்காரன் என்று கேட்டால் பேருந்து என்றுதான் சொல்லவேண்டும்.

அலுவலகக் கணக்கர் ஒருநாள் விளக்கினார். வேலை வேறு மாநிலத்தில் என்பதால் கடலூர் வீட்டுக் கடனின் வட்டியையும் காட்டலாம். வேலைக்காக வேறிடத்தில் வாடகைக்கு இருந்தால் அந்த வாடகையையும் காட்டலாம். இரண்டுக்கும் வரி குறையும். அவர் சொன்னது சட்டம். நான் எங்கும் வாடகைக்கு இல்லை, அது ஒன்றுதான் குறை!

பாண்டியில் எனக்குப் பொய் ரசீது தர ஆளில்லை. சிதம்பரத்தில் மாமா இருந்தார், அக்காவின் கணவர். தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பூர்வீகச் சபை அங்கேதான், ஞாயிறுகளில் நானும் போவேன்; அதன் காணிக்கைக் கணக்கு அவர் கையில்தான்.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து சாப்பிட்ட கையோடு பன்னிரண்டு ரசீதுகளை அவர் முன் வைத்தேன். ஒரு வருடம் முழுவதும் ஒரே மதியத்தில்... எல்லாம் ஒரே மையாகத் தெரியக்கூடாது என்று இரண்டு பேனா கொண்டுபோயிருந்தேன். திருட்டைவிட அந்த முன்யோசனைதான் இப்போது கூசுகிறது.

மாடி அறைக்கு வாடகை என்று எழுதியிருந்தேன். அங்கே அக்காவின் வடகப் பாய்களும் ஓர் உடைந்த தையல் மெஷினும்தான் குடியிருந்தன. "ஒரு மாசமாவது நெசமாக் குடேன்டா, சிலிண்டர் வாங்கிக்கறேன்" என்று அக்கா சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. ஆபீசில் கேட்கிறார்கள், வெறும் ஃபார்மாலிட்டி என்றேன். பன்னிரண்டிலும், நான் எச்சில் தொட்டு ஒட்டிய ஸ்டாம்பின் மேல், கையெழுத்துப் போட்டார். அடுத்த மூன்று வருடங்களும் போட்டார்.

பிறகு வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. சிதம்பரம் முகவரி கொடுத்திருந்ததால் என் கணக்கு கடலூர் அலுவலகத்தில் இருந்தது. அதிகாரி இளம்பெண். கோப்பைப் புரட்டியபடி நிதானமாகக் கேட்டார்: "சிதம்பரத்துலேருந்து பாண்டி போற பஸ், கடலூர்ல உங்க சொந்த வீட்டைத் தாண்டித்தான் சார் போவுது. தெனமும் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே போவீங்களா?"

பக்கத்து மேசையில் யாரோ இருமலை அடக்கினார்கள். எனக்கு அது முன்பே தோன்றவில்லை, சத்தியமாக! எல்லைக்கு அந்தப் பக்கம் சம்பளம், இந்தப் பக்கம் கணக்கு, நடுவில் யார் பார்க்கப்போகிறார்கள் என்றே இருந்துவிட்டேன்.

வீட்டுக்காரரை அழைத்து வரச் சொன்னார்.

மாமா வெள்ளைச் சட்டையில் வந்தார். வாக்குமூலம் சத்தியம் செய்து தரவேண்டும் என்று வாசலில் நின்ற பியூன் சொன்னதும் அவர் முகம் மாறியது. பொய் ரசீது வேறு. கடவுள் பெயரால் சொல்லும் பொய் வேறு. அவருக்கு அவை இரண்டும் ஒன்றல்ல. என்னைப் பார்த்துக் கேட்டார்: "என்ன சொல்லட்டும் மச்சான்?"

உண்மையைச் சொல்லுங்கள் மாமா... இவ்வளவுதான். சொல்லியிருந்தால் அபராதம் வந்திருக்கும், கம்பெனிக்குத் தெரிந்திருக்கும், வேலையும் போயிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"உங்க இஷ்டம் மாமா."

இதைவிடக் கோழைத்தனமான வார்த்தையை நீங்கள் கேட்டதுண்டா? பொய்யைக் கேட்டு வாங்கவும் செய்தேன், கேட்காதவனாகவும் நின்றேன்.

உள்ளே போனார். வந்தார். "சொல்லிட்டேன்" என்றார். வாங்காத வாடகையைத் தன் வருமானமாகக் காட்டி, அதற்குண்டான வரியையும் அவரே கட்டினார். நான் நீட்டிய பணத்தைத் தொடவில்லை.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, திருவிருந்து; அறிக்கை செய்யாத பாவத்தோடு அப்பம் வாங்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். பெஞ்சு பெஞ்சாக எழுந்து பீடத்துக்குப் போனார்கள். எங்கள் முறை வந்தபோது மாமா எழவில்லை. முழங்காலை ஒதுக்கி எனக்கு வழி விட்டார். நான்... போனேன். முழந்தாளிட்டேன். கை நீட்டினேன். அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. திரும்பி வரும்போது அவர் பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்திருந்தார்.

அதன்பின் ஒருமுறைகூட அவர் வாங்கவில்லை. போதகரோடு ஏதோ மனக்கசப்பு என்று அக்கா நினைத்துக்கொண்டாள். போதகரிடம் போய் அவர் அறிக்கை செய்தால் என் பெயரைச் சொல்லவேண்டி வரும். அதனால் போகவில்லை. எனக்குத் தெரியும். ஒவ்வொரு மாதமும், ஒவ்வொரு வருடமும் தெரியும்... உண்மையைச் சொல்லக் கடலூர் வரி அலுவலகம் என் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான்.

2011இல் இதயம் நின்று மாமா இறந்துபோனார். அதற்கு மூன்று வாரம் முன்பு பார்க்கப் போயிருந்தேன். மாலை நாலு மணி இருக்கும். கிளம்பி நின்றவனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அக்கா உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"மாடியக் கூட்டிவிட்டு கட்டில் போடச் சொல்லிருக்கேன் மச்சான். ஒரு ராத்திரி தங்கிட்டுப் போயேன். நீ இங்க இருந்தேன்னு சொன்னது, முழுப் பொய்யா இல்லாம ஆவும்."

கையை மெல்ல விடுவித்துக்கொண்டேன்.

"காலையில டூட்டி இருக்கு மாமா" என்றேன்.