இடது பக்கத்து வெளிச்சம்

போன நோன்புப் பெருநாளைக்கு ராமநாதபுரத்து ஸ்டூடியோ ஒன்றில் என் கணவரை எங்களோடு ஒட்டிக் கொடுத்தார்கள். அந்தப் படத்தைக் கையில் வாங்கிய நிமிடத்தில் ஆரம்பித்தது எனக்கு எரிச்சல்.

ஒட்டுவது ஒன்றும் எங்கள் ஊரில் புதுசில்லை. பாதி வீட்டு ஆண்கள் சபரில் இருக்கிறார்கள். வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பெருநாளைக்குப் பிள்ளைகளுக்குப் புதுத்துணி போட்டு, நாமும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஸ்டூடியோவுக்குப் போவோம். நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நிற்கச் சொல்வார்கள். துபாயிலிருந்தோ கத்தாரிலிருந்தோ வாட்ஸாப்பில் வந்த படத்தை வெட்டி அந்த இடத்தில் செருகிவிடுவார்கள். பெரும்பாலும் யாரும் குறை சொல்வதில்லை.

எனக்கு ஏன் அது பெரிதாகப் போனது என்றால், என் இளைய மகள் பிறந்த பிறகு அவர் ஒரே ஒரு தடவைதான் துபாயிலிருந்து வந்து போனார். வந்திருந்த நாளெல்லாம் அவள் அவரைக் கண்டாலே அலறி என் இடுப்பில் ஏறிக்கொண்டாள். அவளுக்கு இப்போது நான்கு வயது. அவளும் அவளுடைய வாப்பாவும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. எனக்கு வேண்டியது அந்த ஒரு படம்தான். சுவரில் மாட்டக்கூட இல்லை. படம் மாட்டிய வீட்டுக்குள் மலக்குகள், அந்த வானவர்கள், வரமாட்டார்கள் என்பதில் என் மாமி, அதாவது அவருடைய உம்மா, ரொம்பக் கண்டிப்பு. என் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிக்கொள்வேன், தோன்றும்போது திறந்து பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான் ஆசை.

ஸ்டூடியோக்காரர் கொடுத்த படத்தில் நாங்கள் எல்லோரும் மனிதர்களாக இருந்தோம். அவர் மட்டும் வேறு எங்கிருந்தோ வந்தவர்போல இருந்தார். நெற்றி மினுங்கியது, கண் இரண்டும் இருட்டுக் குழியாகக் கிடந்தன. மாமி படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னாடி இது, எம்புள்ள மவுத்தாப் போன ஆளு மாதிரி நிக்கிறான்?" என்று கேட்டுவிட்டார். செத்தவன் மாதிரி என்று கேட்டது மட்டுமல்ல, அழுதும் விட்டார். நான் நேராக பஸ் ஏறி ஸ்டூடியோவுக்குச் சண்டைக்குப் போனேன்.

"நான் என்னக்கா பண்றது? ஒங்களுக்கு லைட்டு இடது பக்கத்துலருந்து வருது. அண்ணனுக்கு நேரா உச்சந்தலைக்கு மேல இருந்து வருது. எப்படி ஒட்டுனாலும் ஒட்டாதுக்கா," என்றார் ஸ்டூடியோக்காரர். "அவுகள ஒரு ஜன்னல் பக்கத்துல நிக்கச் சொல்லி எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அழகாச் சேத்துத் தாரேன்."

ஜன்னலா, அதுதான் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஏழாவது மாடியில் அறை, ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் என்று துபாய்க்குப் போன புதிதிலேயே என் கணவர் சொல்லியிருந்தார். மாமி அதைத் தெருவில் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. கல்யாண வீடோ, மீன்காரியோ, ஆள் யாராக இருந்தாலும் அரைமணி நேரத்தில் பேச்சு எப்படியாவது அந்த ஜன்னலுக்கு வந்து சேரும்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்குள் நானே எங்களைப் படமெடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஸ்டூடியோவில் பிள்ளைகள் விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்; வீட்டிலென்றால் முகம் இயல்பாக இருக்கும். வெளிச்சம்தானே, அதையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். எனக்கு வாய் மட்டுமல்ல, துணிச்சலும் கொஞ்சம் ஜாஸ்தி.

முதலில் ஆன்லைனில் ஒரு வளைய லைட் வாங்கினேன். இருப்பதிலேயே மலிவானது. அதை வைத்து எடுத்தால் பிள்ளைகளின் கருவிழியில் ஆளுக்கு இரண்டு வெள்ளை வளையம் விழுந்தது. பெரியவள், ஒன்பது வயதுக்காரி, படத்தைப் பார்த்துவிட்டு, "உம்மா, நாங்க ரோபோவா?" என்றாள். வளையத்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, பஜாரில் எல்.இ.டி. பல்பு ஒன்று வாங்கி ஹோல்டரில் மாட்டி மர நாற்காலியின் முதுகில் கட்டினேன். கடைக்காரர் "நல்ல வெளிச்சம் வரும்" என்று சத்தியம் பண்ணாத குறைதான். வெளிச்சம் வந்தது. ஆனால் எல்லோர் முகமும் காமாலை கண்டு தேறியதுபோலப் பச்சையடித்தது. மலிவு பல்புகளின் வெளிச்சத்தில் சிவப்பு குறைவாக இருக்கும், அதனால் தோல் செத்துத் தெரியும் என்று யூடியூபில் ஒருவர் விளக்கினார். இதை வாங்குவதற்கு முன்னால் விளக்கியிருக்கக் கூடாதா?

அந்தப் பல்பையும் கழற்றி, அரிசி மூட்டை வைக்கிற சாமான் அறையில் மாட்டினேன். அரிசி பச்சையாகத் தெரிந்தால் யாருக்கு என்ன?

மூன்றாவதாகச் சதுரமாக ஒரு எல்.இ.டி. பேனல், தாங்குவதற்குக் கொக்குக் கால்போல ஒரு ஸ்டாண்டோடு வந்தது. வெளிச்சத்தின் நிறம் தேவலை. ஆனால் குறைத்து வைத்தால் படத்தில் குறுக்குக் குறுக்காகக் கறுப்புக் கோடு ஓடியது. கூட்டி வைத்தால் சின்னவள் கண்ணைக் கசக்கினாள். மின்விசிறியைப் போட்டால் ஸ்டாண்ட் சாய்ந்தது. நிறுத்தினால் எல்லோருக்கும் வியர்வை. இத்தனைக்கும் நடுவில் ஹால் சுவர் கிளிப்பச்சை. வீடு கட்டும்போது இவர்தான் வீடியோ காலில் பார்த்து அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தார். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பிப் பிள்ளைகளின் கன்னத்துக்கு வந்தது. போர்வையைக் கொண்டு சுவரை மறைத்தேன். "காசு போட்டு அடிச்ச பெயிண்டை எதுக்குடி மூடுற?" என்று மாமி ஒரு பக்கம். மூடிய கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. அன்றைக்கு நான் போர்வையைச் சுருட்டி எறிந்த வேகத்தில் சின்னவள் ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

ஆனால் விடவில்லை. பேக்கரியிலிருந்து பட்டர் பேப்பர் வாங்கிவந்து பேனலுக்கு முன்னால் கொஞ்சம் தள்ளித் தொங்கவிட்டேன். வெளிச்சம் இளகிவிட்டது. பேனலை எங்கள் இடது கைப் பக்கமாக, முகத்தைவிடச் சற்று உயரத்தில் வைத்தேன். வலது பக்கத்தில் தெர்மாகோல் அட்டையை நிறுத்தி அந்தப் பக்கத்து இருட்டைக் குறைத்தேன். அப்புறம் எடுத்த படத்தைப் பார்த்து எனக்கே பெருமை தாங்கவில்லை. பெரியவளின் மூக்குத்திப் பொட்டுகூட மின்னியது. சின்னவளின் கன்னத்தைத் தொடலாம்போல இருந்தது. நடுவில் அவருக்கு இடம் விட்டிருந்தேன். இனி அவர் ஜன்னல் பக்கத்தில் நின்று ஒரு படம் அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அங்கேதான் பிடித்தது சனியன்.

"மச்சான், ஜன்னல் ஒங்க இடது கைப் பக்கம் இருக்கணும். வெளிய பாக்காம நேரா ஃபோனப் பாருங்க," என்று அவரிடம் சொன்னேன். "சரி சரி, அனுப்புறேன்," என்றார். படம் வந்தது. பழையபடி நெற்றி மினுங்கியது, கண்ணைக் காணோம். இது இல்லை என்றேன். மறுபடி வந்தது, அதே படம் வேறு சட்டையில். காகிதத்தில் ஜன்னல் வரைந்து, ஆள் வரைந்து, அம்புக்குறி போட்டு அனுப்பினேன். "ஆகட்டும்," என்றார். காலையில் எடுங்கள் என்றால், "கூட இருக்கவரு நைட் ஷிப்ட்டு, தூங்குறாரு" என்பார். சாயங்காலம் என்றால் வேலை. ஒருநாள் ரோட்டில் நின்று எடுத்து அனுப்பினார். வெயிலில் கண் சுருங்கி, பின்னால் ஒரு கிரேனோடு. இன்னொரு நாள் ஏதோ பெரிய கடை வாசலில், நாலா பக்கமும் விளக்கோடு. இரண்டையும் எங்களோடு வைத்துப் பார்த்தால் முன்னைவிட மோசம்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஒருவனால் தன் அறை ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நிற்க முடியாதா? என்ன கேட்டுவிட்டேன், தங்கமா கேட்டேன்? பிள்ளையோடு ஒரு படத்தில் நிற்பதற்குக்கூட இத்தனை சோம்பல் என்றால் நாங்கள் எதற்கு இருக்கிறோம்? இதையெல்லாம் மாமியின் காதில் விழாமல் கேட்க வேண்டும் என்பதற்காக ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் அறைக்குத் திரும்பியிருக்கும் நேரம் பார்த்து, சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ கால் போட்டேன்.

எடுத்தார். "ஜன்னல்கிட்ட போங்க, இப்ப, நான் பாக்குறப்பவே போங்க," என்று ஆரம்பித்தேன். "இப்பத்தான புள்ள வந்தேன், ஒக்காரவாச்சும் விடு," என்றார். மேற்கொண்டு திட்டுவதற்கு வாயைத் திறந்தபோது என் கண் போனின் மூலையில் இருந்த என் முகத்தின்மேல் போனது.

திரையில் பெரிதாக அவர். மூலையில் சின்னதாக நான். இரண்டு பேருக்கும் நெற்றி மினுங்கியது. இரண்டு பேருக்கும் கண் குழிக்குள் இருட்டு. மூக்குக்குக் கீழே அதே குட்டை நிழல். அதே கண்றாவிப் பச்சை. அண்ணாந்து பார்த்தேன். நான் வேண்டாமென்று கழற்றி இங்கே மாட்டிய பல்பு என் உச்சிக்கு நேரே எரிந்துகொண்டிருந்தது. சாமான் அறைக்கு ஜன்னல் கிடையாது.

"என்னாச்சு?" என்றார்.

"ஒண்ணுமில்ல. வைக்கிறேன்," என்றேன்.

அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு அவர் அனுப்பிய படங்களையெல்லாம் திரும்பப் பார்த்தேன். காலையில் எடுத்தது, மத்தியானம் எடுத்தது, விடுமுறை நாளில் எடுத்தது. ரோட்டிலும் கடை வாசலிலும் எடுத்ததைத் தவிர எல்லாவற்றிலும் நிழல் ஒரே இடத்தில் ஒரே அளவில் இருந்தது. எங்காவது ஒரு ஜன்னல் இருந்திருந்தால் ஒரு கன்னமாவது கொஞ்சம் வெளுத்திருக்கும். இத்தனை நாள் விளக்குகளோடு மல்லுக்கட்டியதில் அது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. ஏழாவது மாடியும் இல்லை, கடலும் இல்லை. நாங்கள் அரிசி வைக்கிற மாதிரியான ஓர் அறையில் அவரை வைத்திருக்கிறார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வருஷக்கணக்காக ஒரு மனுஷன் எப்படி இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்ல முடியும்? நான் என்ன, ஜன்னல் இருந்தால்தான் குடும்பம் நடத்துவேன் என்றா சொன்னேன்? அம்புக்குறி போட்டு நான் அனுப்பிய படத்தை அந்த அறையில் உட்கார்ந்து அவர் எப்படிப் பார்த்திருப்பார் என்று நினைத்தபோது ஆத்திரம் என்மேலும் திரும்பியது. அது இன்னும் எரிச்சல்.

அடுத்து நான் செய்ததை யாராவது பாசம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீம்புக்குத்தான் செய்தேன். அரிசி மூட்டைகளை வெளியே இழுத்துப் போட்டேன். பிள்ளைகளையும் மாமியையும் புதுத்துணியோடு சாமான் அறைக்குள் கூட்டிக்கொண்டு வந்து அந்தப் பல்புக்கு நேர் கீழே நிறுத்தினேன். பேனல் வேண்டாம், பட்டர் பேப்பர் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

"ஹாலு இருக்கப்ப இங்கன எதுக்குடி?" என்றார் மாமி.

"இங்கனதான் மாமி வெளிச்சம் சரியா இருக்கு."

பெரியவள் படத்தைப் பார்த்துவிட்டு, "உம்மா, நம்ம மூஞ்சி நல்லாவே இல்ல," என்றாள். நல்லாத்தான் இல்லை. சின்னவளின் கன்னம்கூட ஒட்டிப்போய்த் தெரிந்தது. அதையும், அவர் முதலில் அனுப்பிய படத்தையும் ஸ்டூடியோவுக்கு அனுப்பினேன். அரைமணி நேரத்தில் போன் வந்தது. "இப்ப அப்படியே ஒட்டுதுக்கா. ஆனா எல்லா மூஞ்சியும் டல்லடிக்குது. கொஞ்சம் பளிச்சுனு ஏத்தி விடட்டா?" என்றார்.

"ஒண்ணும் ஏத்த வேணாம்."

பெருநாள் அன்று சாயங்காலம் படத்தை அவருக்கு அனுப்பினேன். சின்னவளின் தோளில் அவர் கை இருப்பதுபோல ஸ்டூடியோக்காரர் செய்திருந்தார். எங்கே வெட்டினார், எங்கே ஒட்டினார் என்று எனக்கே தெரியவில்லை. என் கணவர் உடனே கூப்பிட்டார். மாமி பக்கத்தில் உட்கார்ந்து கத்தியால் கறி ஆய்ந்துகொண்டிருந்தார். என் கையெல்லாம் மசாலா, அதனால் ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தேன்.

"பாத்துக்கிட்டே இருக்கேன் புள்ள," என்றார். "எல்லாரும் இங்கன வந்து ஏங்கூட நிக்கிற மாதிரியே இருக்கு."

சும்மா விட்டிருக்கலாம். என் வாய்க்கு அது தெரியாது. "இங்கனன்னா எங்கன? ஜன்னல் பக்கத்துலயா?" என்று கேட்டுவிட்டேன்.

 

"ஜன்னல் இல்ல," என்றார்.

"தெரியும்."

"உம்மாட்டச் சொல்லிறாத."

மாமியின் கத்தி நின்றது. நான் போனை எடுக்கக் கை நீட்டினேன். மாமி என் கையைத் தட்டிவிட்டு, போனுக்குப் பக்கத்தில் குனிந்து, எப்போதும் கேட்கிற குரலிலேயே, "சாப்ட்டியாப்பா?" என்று கேட்டார்.