ஏழு டேக் அழுகை

சவரியம்மாளுக்கு சினிமாக்காரர்களைக் கண்டால் ஆகாது. பொங்கல் லீவில் மகள் சந்தியா அவளை ஒரு சினிமா ஸ்டுடியோவைச் சுற்றிக்காட்டக் கூட்டிப்போன நாளிலிருந்துதான் இப்படி. அதற்கு முன்னால் அவர்களைப் பற்றி நினைக்க அவளுக்கு நேரமும் இருந்ததில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதிதாகத் திறந்த இடம். அட்டையில் செய்த கோர்ட், அட்டையில் செய்த ஜெயில், தெர்மாகோலைத் தூவி வைத்த உப்பளம். அந்த உப்பைப் பார்த்து, நிஜ உப்பளத்தில் உப்பு வாரும் சவரியம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். கடைசியாக ஒரு ஹாலில் உட்காரவைத்து, படத்தில் அழுகை எப்படி எடுக்கிறார்கள் என்று காட்டினார்கள். திரையில் ஒரு பெண் உப்பள வரப்பில் மண்டியிட்டு, முகத்தைத் தோளில் தேய்த்துத் தேய்த்து அழுதாள். எதிரில் ஓர் ஆள் விழுந்து கிடந்தான்.

"நாலு சொட்டு கிளிசரின், ஏழு டேக்!" என்றான் காதோரம் மைக் மாட்டிய கைடு அரவிந்தன். "கையால தொடைக்காம தோள்ல தொடைக்கிறாங்க பாருங்க, அது டைரக்டர் சொல்லிக்குடுத்த ஸ்டைல்."

ஹாலே சிரித்துக் கை தட்டியது. சவரியம்மாள் திரையை உற்றுப் பார்த்தாள். திரையில் அழுதது அவள். கிடந்தது அவள் புருஷன் சாலமன்.

ஒன்பது வருஷம் ஆகிறது. உப்புப் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் ஒயரை மிதித்து, ஷாக்கடித்து சாலமன் விழுந்தான். நாலு பாத்தி தள்ளி ஷூட்டிங் நடந்துகொண்டிருந்தது. கத்திக்கொண்டு ஓடியவளுக்குக் கேமரா தன் பக்கம் திரும்பியது எங்கே தெரியும்? புருஷனைப் பறிகொடுத்தவளின் முகத்தை எடுத்துக்கொண்டு போனார்கள், ஒரு வார்த்தை கேட்கவில்லை, பாவிகள்.

அந்தத் தோளுக்கும் ஒரு கதை உண்டு. அனுமந்தையில் பிறந்தவள், பதினெட்டு வயதில் சாலமனைக் கட்டிக்கொண்டு மரக்காணத்து உப்பளத்தில் இறங்கினாள். முதல் நாளே, பாத்தித் தண்ணீர் சொட்டும் கையால் வேர்வையைத் துடைத்து, கண் எரிந்து குதித்தாள். சாலமன் குடத்துத் தண்ணீரை முகத்தில் அடித்துவிட்டுச் சொன்னான்: "உப்புல எறங்குன கை கண்ணுக்கிட்ட போவக் கூடாதுடி. தோள்ல தொடச்சிக்க." அன்றிலிருந்து வீட்டிலும் சரி, கோயிலில் பூசை பார்க்கும்போதும் சரி, அவளுக்குத் தோள்தான்.

அந்தப் படத்தை நிறுத்தச் சொல்லி சந்தியா இரண்டு தடவை ஸ்டுடியோவுக்கு போன் போட்டாள். மெயில் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினாள், பதிலே இல்லை. "உட்டுடும்மா, பெரிய எடம்" என்றாள் மகள். சவரியம்மாள் விடுகிற ரகமில்லை. ஒரு புதன்கிழமை காலையில் உப்பு வாரி முடித்த கையோடு, உப்புப் பூக்கும் பாத்தியில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, புடவைக்கு மேல் போட்ட ஆம்பளைச் சட்டையும் தலைத்துணியுமாக பஸ் ஏறினாள்.

முன்வாசலில் வாட்ச்மேன் எரிந்து விழுந்தான். "ஏம்மா, ஆர்ட்டிஸ்ட்டுங்கல்லாம் பின் கேட்ல வரணும்னு எத்தினி வாட்டி சொல்றது?" உப்பள செட்டில் நிற்கவைக்கிற பெண்களில் ஒருத்தி என்று நினைத்துவிட்டான். சவரியம்மாள் பின்வாசலுக்குப் போனாள். அங்கே ஒருவன் அவள் வெடித்த பாதங்களைப் பார்த்துவிட்டு, "மேக்கப் சூப்பரா இருக்குது" என்றான். பையையும் யாரும் சோதிக்கவில்லை.

மேனேஜர் பிரபாகரன் ஏசி ரூமில் இருந்தான். நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள்.

"அது நீங்கதான்னு என்னம்மா ப்ரூஃப்? உப்பளத்துல எல்லாரும் ஒரே மாதிரிதான இருப்பாங்க."

"என் மூஞ்சிய பாருய்யா."

பார்த்தான். அடையாளம் தெரிந்துவிட்டது, கண்ணே சொன்னது. ஆனாலும் சிரித்தான். "சரி, ஒண்ணு பண்ணலாம். டெய்லி வந்து ஸ்டேஜ்ல உக்காருங்க. ஒரிஜினல் லேடின்னு சொல்லுவோம், ஜனங்க செல்ஃபி எடுப்பாங்க."

"அந்தப் படத்த இனிமே போடாம நிறுத்த முடியுமா, முடியாதா?"

"அதாம்மா எங்க ஹைலைட்டே."

அவள் ரூமை விட்டு வெளியே வந்தாள். நேரே ஹாலுக்குப் போனாள். திரையில் சாலமன் கிடந்தான். நாலு சொட்டு, ஏழு டேக், ஸ்டைல் என்று அரவிந்தன் ஒப்பித்து முடித்து, "யாராவது அழ வர்றீங்களா?" என்று கேட்டான். சவரியம்மாள் மேடையேறினாள்.

"நம்ம செட்டு அம்மாவே வந்துட்டாங்க!" என்று அரவிந்தன் கிளிசரினை எடுத்தான்.

"எனக்கு வாணாம் தம்பி. நீ அழு. ரெண்டு கையையும் நீட்டு."

காமெடி என்று நினைத்து நீட்டினான். பாட்டிலைச் சாய்த்து இரண்டு உள்ளங்கையையும் நனைத்தாள். "உப்பளத்துத் தண்ணிதான். இப்ப கண்ணத் தொடு."

தொட்டான். அவன் போட்ட அலறல் ஸ்பீக்கரில் ஹாலையே உலுக்கியது. முன்வரிசையில் குழந்தைகள் மிரண்டன. துடைக்கக் கையைத் தூக்கினான். கையெல்லாம் அதே தண்ணீர். தூக்கிய கை பாதியில் நின்றது. தலையைச் சாய்த்து முகத்தைத் தோளில் தேய்த்தான். மறுபடி தேய்த்தான். அவன் தலைக்கு மேலே, திரையில் அவளும் அப்படியே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை.

"ஒனக்கு எந்த டைரக்டருப்பா சொல்லிக்குடுத்தாரு?" என்றாள் சவரியம்மாள். அவன் மைக்கில் அது கணீரென்று கேட்டது. "எனக்குச் சொல்லிக்குடுத்தவரு அதோ கெடக்குறாரு. என் வூட்டுக்காரரு. அன்னிக்கி செத்துட்டாரு."

முன்வரிசைப் பெண்ணிடமிருந்து குடிதண்ணீர் பாட்டிலை வாங்கி, அரவிந்தன் முகத்தில் அடித்துக் கழுவினாள். இரக்கம் ஒன்றும் இல்லை, வெறும் பழக்கம். கண்ணைத் திறக்கமாட்டாமலே அவன் கத்தினான்: "டேய், அத நிறுத்துடா!" திரை கறுத்தது.

பிரபாகரன் இரண்டு ஆட்களோடு ஓடி வந்தான். "போலீஸக் கூப்புடுவேன்!"

"கூப்புடு. நானே எல்லாத்தையும் சொல்றேன்."

"சார், அந்த பிட்டு இனிமே வாணாம்," என்றான் அரவிந்தன். "நான் பேச மாட்டேன்."

ஹாலில் நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பாதிப் பேர் கையில் செல்போன். பிரபாகரன் குரலை இறக்கினான். "சரிம்மா, எடுத்துடறோம். நீ இனிமே இந்தப் பக்கமே வரக் கூடாது."

"நீ போடாத. நான் வர மாட்டேன்."

ஆட்கள் அவளை முன்வாசல் வழியாகவே வெளியே தள்ளினார்கள். பஸ் நிறுத்தத்தில் நின்று பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். பாதிக்கு மேல் மீதி இருந்தது. மூடியை இறுக்கித் திருகிப் பையில் வைத்துக்கொண்டாள்.