அத்தான் தாண்டாத கோடு

என்னிடம் ஒரு பால்பவுடர் டப்பா இருந்தது. அடிப்பக்கம் முழுவதும் ஆணியால் ஓட்டை போட்ட டப்பா. ஆட்டம் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் அதில் சுண்ணாம்புத் தூளை நிரப்பிக்கொண்டு மைதானத்துக்குப் போவேன். இரண்டு குச்சிகளை ஊன்றிக் கயிறு கட்டி, கயிற்றோரமாக டப்பாவைத் தட்டிக்கொண்டே நடந்தால் வெள்ளையாகக் கோடு விழும். கோல் காக்கிறவனுக்கு எதற்கு இந்த வேலை என்று யாரும் கேட்டதில்லை. வேறு யாரும் செய்ய முன்வராத வேலை அது. கடைசியாக நடுக்கோடு போடுவேன். அதற்குள் வெயில் ஏறிவிடும், கையும் அலுத்திருக்கும், அதனால் அது எப்போதும் கொஞ்சம் கோணலாகவே விழும். அந்தக் கோணல் கோட்டை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

எங்கள் ஊர் ஏரலுக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் இருக்கிறது. மூன்று பக்கம் வாழைத்தோட்டம், ஒரு பக்கம் ஆற்றுக்கரை, நடுவில் மைதானம். பந்து தோட்டத்துக்குள் போனால் எடுத்து வருவதற்குள் நாங்கள் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடலாம். அந்த மைதானத்தில் அத்தானைப் போல ஆடியவர் கிடையாது. அத்தான் என்று நான் சொல்வது என் அத்தை மகனை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஒல்லி உடம்பு, நீளமான கால், இடது காலில் அடித்தால் பந்து எந்தப் பக்கம் வரும் என்று வலைக்குக்கூடத் தெரியாது. அவர் ஃபார்வேர்டு, நான் கோலி. அவர் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். கோல் போட்டதும் கட்டிப்பிடிக்க வருகிறவர்களையெல்லாம் தள்ளிவிட்டு, முழு மைதானத்தையும் தாண்டி என்னிடம் ஓடி வருவார். மூச்சு வாங்க என் முன்னால் நின்று, "பாத்தியாலே மாப்ளே?" என்பார். நான் பார்த்திருப்பேன். ஆனாலும் அவர் வந்து கேட்பதற்காகவே ஒவ்வொரு தடவையும் பேசாமல் நிற்பேன்.

எங்கள் குழுவை நடத்தியவர் வாழைத்தார் மண்டி வைத்திருந்த அண்ணாச்சி. பனியன் அவர் வாங்கித் தந்தது, பந்து அவர் வாங்கித் தந்தது, அதனால் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதும் அவர் சொல்வதுதான். ஒரு வருடம் எங்கள் பேக், எனக்கு முன்னால் நின்று தடுக்கிறவர், திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அவர் போன பிறகு நடந்த இரண்டு ஆட்டத்திலும் என்னைப் போட்டு வறுத்தெடுத்துவிட்டார்கள். வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்து எடுத்து எனக்கு இடுப்பு வலித்தது. இரண்டாவது ஆட்டம் முடிந்து வரும்போது டீக்கடையில் ஒருவர், "ஏலே, உனக்குப் பதிலா ஒரு வாழைத்தாரத் தொங்கவிட்டாக்கூட ரெண்டு கோல் தட்டியிருக்குமே" என்றார். கடை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

மறுநாள் நான் மண்டிக்குப் போனேன். யாரும் என்னை அனுப்பவில்லை, நானாகத்தான் போனேன். "அத்தானப் பின்னால போட்டா சரியா வரும் அண்ணாச்சி. நல்ல உயரம், தலையால முட்டுவாரு. ஒரு ஆட்டத்துக்குப் போட்டுப் பாப்போம்" என்றேன். அண்ணாச்சி தலையாட்டினார். அந்த வாரமே அத்தான் எனக்கு முன்னால் வந்து நின்றார். அது என் யோசனை என்று அண்ணாச்சி அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு ஆட்டத்துக்கு என்றுதான் சொன்னேன். அந்த ஆட்டத்தில் ஒரு கோல்கூட விழவில்லை. அதற்கடுத்த ஆட்டத்திலும் விழவில்லை. என்னைக் கேலி செய்த அதே டீக்கடையில் எனக்கு டீ வாங்கித் தந்தார்கள். அத்தான் முதலில் அண்ணாச்சியிடம், "நடுக்கோட்டுக்கு அங்கன போகலாமா?" என்று கேட்டிருக்கிறார். "போகவே கூடாது. நீ போயிட்டா இங்கன யாரு நிப்பா?" என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். சொன்னால் கேட்டுக்கொள்கிற மனிதர் அவர். அதுதான் அவரிடம் எல்லாருக்கும் வசதியாகப் போயிற்று.

முன்னால் ஆடுகிறவன் பத்துத் தடவை தவறவிட்டு ஒரு தடவை போட்டால் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். பின்னால் ஆடுகிறவன் பத்துத் தடவை காப்பாற்றி ஒரு தடவை விட்டால் வீடு தேடி வந்து திட்டுவார்கள். முன்னால் ஆடுகிறவன் போனதை மறக்க வேண்டும். பின்னால் ஆடுகிறவனுக்கு மறக்கவே முடியாது. ஆளை இடம் மாற்றினால் ஆட்டம்தானே மாறும் என்று நாங்கள் நினைத்தோம், அத்தானோ ஆளே மாறிப்போனார். முன்பெல்லாம் பந்து காலுக்கு வந்தால் ஒரு நொடிகூட யோசிக்காதவர், இப்போது மூன்று தடவை சுற்றிப் பார்த்தார். வீட்டில் சாப்பிடும்போதுகூடப் பேச்சுக் குறைந்துவிட்டது என்று அத்தை சொன்னாள். சாயங்காலப் பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு, "ஒரு பத்து அடி அடிச்சுப் பாக்கேன், நில்லுலே" என்பார். முன்பு அவர் அடித்தால் எனக்குக் கை எட்டாது. இப்போது பந்து நேராக என் நெஞ்சுக்கு வந்தது. நான் பிடித்துப் பிடித்துத் திருப்பிப் போட்டேன். அவர் காலுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தோன்றவில்லை, நான் நன்றாகத் தேறிவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட மடையன் நான்.

இன்னொன்றும் மாறியது. ஆட்டத்தில் அவர் முகத்தை நான் பார்ப்பது நின்றுபோயிற்று. பின்கழுத்தும் ஒன்பதாம் எண் போட்ட முதுகும்தான் தெரியும். வேறு பனியன் இல்லாததால் பேக்கில் நின்றும் அந்த ஒன்பதையே போட்டுக்கொண்டிருந்தார். எதிரணிக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அந்த வருடம்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு ஆள் எடுக்க ஒரு நிறுவனத்திலிருந்து வந்தார்கள். பாளையங்கோட்டையில் எங்கள் ஆட்டத்தைப் பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரு ஃபார்வேர்டும் ஒரு கோலியும். எங்கள் இருவருக்குமே அளந்து தைத்தது போல இருந்தது. அத்தானுக்கு வயது வரம்பில் அதுதான் கடைசி வருடம். விட்டால் பிறகு கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகப் பேச வேண்டாம்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் அத்தான் என்னையும் கூட்டிக்கொண்டு மண்டிக்குப் போனார். தார்களுக்கு நடுவே நின்று, "நாளைக்கு ஒரு ஆட்டம் மட்டும் முன்னால ஆடுதேன் அண்ணாச்சி" என்றார். அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"ஜெயிச்சுக்கிட்டிருக்கிற டீமக் கலைக்கச் சொல்லுதியாடே?" என்றார் அண்ணாச்சி. பிறகு அவருக்கே மனசு கேட்கவில்லை போல. "சரி, பின்னால நிக்கிறவன் அவன்லா. கோலி என்ன சொல்லுதான்னு கேளு. அவன் சரின்னா எனக்கும் சரிதான்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஆள் எடுக்க வருகிறவர்கள் முன்னால் பந்தை வலைக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டு நிற்கிற என்னை நான் பார்த்தேன். "சரி அண்ணாச்சி" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொன்னது வேறு. "அத்தான் பின்னால நின்னாத்தான் எனக்குத் தைரியம் அண்ணாச்சி."

அத்தான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார். அதுதான் என்னைக் கொல்கிறது. என் தோளில் கை போட்டு, "சரி மாப்ளே, நிக்கேன்" என்றார். வீடு வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.

மறுநாள் ஆட்டத்தில் நான் நன்றாகத்தான் ஆடினேன். கோல் எதுவும் விழாமல் கடைசிப் பத்து நிமிடம் வந்துவிட்டது. எதிரணி மொத்தமும் எங்கள் பக்கம் ஏறி வந்திருந்த நேரத்தில் பந்து அத்தான் காலில் மாட்டியது. முன்னால் ஆளே இல்லை. அத்தான் ஓட ஆரம்பித்தார். அது பழைய ஓட்டம். தலையைக் குனிந்து, தோளைக் கொஞ்சம் சாய்த்து, முன்பு அந்தக் கோடியிலிருந்து என்னை நோக்கி வருவாரே, அதே ஓட்டம், இப்போது என்னை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. வேலியோரம் நின்றவர்கள் துள்ளிக் கத்தினார்கள். எனக்கோ என் முன்னால் திறந்து கிடந்த வெறும் தரைதான் கண்ணில் பட்டது. "அத்தான், போகாதீங்க! பின்னால வாங்க!" என்று கத்தினேன்.

நின்றுவிட்டார். நடுக்கோட்டில் ஒரு கால் படிந்திருந்தது. பந்தைப் பக்கத்தில் நின்றவனுக்குத் தட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஆட்டத்தின் நடுவில் அவர் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். அதில் கோபம் இல்லை. செய்தது சரிதானே என்று கேட்கிற முகம்.

என்னை எடுத்தார்கள். அத்தானைப் பற்றி அவர்களில் ஒருவர் அண்ணாச்சியிடம், "போன வருஷம் கோல் போட்ட பையன்தானே இவர்? இந்த வருஷம் ஒண்ணுகூட இல்லையே. பேக் எங்ககிட்ட நிறையப் பேர் இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அத்தை அல்வா வாங்கிக்கொண்டு வந்தாள். "ரெண்டு பேருல ஒருத்தனுக்காச்சும் கெடச்சுதே, அது போதும்ய்யா" என்று சொல்லி என் வாயில் ஊட்டினாள். நான் அதை விழுங்கினேன்.

அத்தான் அண்ணாச்சி மண்டியிலேயே தார் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். எங்கள் நிறுவனம் சில வருடங்களில் கால்பந்துக் குழுவைக் கலைத்துவிட்டது. நான் பாளையங்கோட்டை அலுவலகத்தில் ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கோப்புகளில் முத்திரை குத்துகிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு போவேன். அவர் என்னைக் கண்டதும் உள்ளே போய் ஒரு சீப்பு கோழிக்கூடு வாழைப்பழம் கொண்டுவந்து என் பையில் திணிப்பார். கோத்ததெல்லாம் அறுந்துபோகும். பழத்தோடு திரும்பி வருவேன். திட்டுகிற மனிதராக இருந்திருந்தால் எப்போதோ தப்பித்திருப்பேன். இந்த மனிதரிடமிருந்து எனக்கு வெளியே வரவே வழியில்லை.

இந்தப் பொங்கலுக்குப் பழைய ஆட்டக்காரர்களுக்கு ஒரு ஆட்டம் வைத்தார்கள். தொந்தியும் முழங்கால் பட்டையுமாக எல்லாரும் வந்து சேர்ந்தோம். என்னை மறுபடியும் கோலியாக நிறுத்தினார்கள். ஆற்றில் பெருவெள்ளம் வந்து போன பிறகு மைதானம் பூராவும் மணல் ஏறிக் கிடக்கிறது. அதில் சுண்ணாம்பு நிற்காது என்று யாரும் கோடு போடவில்லை. யார் எங்கே என்று பேச்சு எழும்புவதற்குள் அத்தான் பைய நடந்து வந்து எனக்கு முன்னால் நின்றுகொண்டார். பின்கழுத்து முடி முழுவதும் நரைத்திருந்தது.

"அத்தான், இன்னைக்கு நீங்க முன்னால போங்க" என்றேன்.

அவர் திரும்பாமலே சொன்னார். "நான் பின்னால நின்னாத்தானலே ஒனக்குத் தைரியம்?"

அந்த வார்த்தையை அவர் இத்தனை வருடம் வைத்திருந்திருக்கிறார். கேலியா, குத்தலா, இல்லை இன்னமும் அதே பெருமைதானா என்று அந்தக் கழுத்தைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

பாதி ஆட்டத்தில் பந்து அவர் காலுக்கு வந்தது. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள், முன்னால் மணல்தான் விரிந்து கிடந்தது. "போங்க அத்தான்! போங்க! நிக்காதீங்க, போய்க்கிட்டே இருங்க!" என்று நான் கத்தினேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. சிலர் சிரித்தார்கள். அத்தான் ஓடினார். தோள் சாய்ந்தது, தலை குனிந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நானும் கோல் கம்பத்தை விட்டு முன்னால் ஓடி வந்துவிட்டேன்.

மைதானத்தின் நடுவில் அவர் நின்றார். பந்தைப் பக்கத்தில் நின்றவருக்குத் தட்டிவிட்டார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார், அன்றைக்குப் பார்த்த அதே முகத்தோடு. அவர் காலடியில் வெறும் மணல்தான் இருந்தது.